பொரி கிளம்பிய வெள்ளிக்கிழமை

அத்தியாயம் 9

அன்பரசன் நாள் பார்த்தார் என்று சொன்னால் வேங்கிக்காலில் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

கலெக்டர் ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டி, கண்காணிப்பாளர் நாற்காலி வரை வந்துவிட்ட மனிதர். கல்யாணத்தை ராகு காலத்தில்தான் செய்துகொள்வேன் என்று பிடிவாதம் பிடித்து அப்படியே செய்தும் காட்டியவர். மணப்பெண்ணுக்கு உண்ணாமலை என்று அம்மன் பெயர் இருப்பது பொறுக்காமல், 'தமிழரசி என்று மாற்றிவிடலாமே' என்று மேடையிலேயே யோசனை சொன்னார்.

"உங்க கொள்கைய நீங்க வெச்சிக்குங்க, என் பேர நான் வெச்சிக்கறேன்" என்று மாலையும் கழுத்துமாக நின்றே பதில் சொன்னாள் உண்ணாமலை. இருபத்தொன்பது வருடமாக அந்த ஒப்பந்தத்தை இருவருமே மீறவில்லை.

அப்பேர்ப்பட்டவர் இந்த வெள்ளிக்கிழமை காலை, தினசரி காலண்டரின் முன்னால் போய் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"இன்னைக்கு வெள்ளிக்கெழம."

"ஆமா. நேத்து வியாழக்கெழம. அதுக்கு இன்னா இப்போ?"

"வெள்ளிக்கெழமைல வீட்ல இருந்து எதையும் வெளிய அனுப்பக் கூடாதுன்னு சொல்வாங்களே..."

உண்ணாமலை அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"யாரு சொல்வாங்க?"

"பொதுவா சொல்வாங்க."

"பக்கத்து வீட்டு சந்திரம்மாளுக்கு வெள்ளிக்கெழம உப்பு குடுக்க மாட்டேன்னு சொன்னதுக்கு மூணு நாள் எனக்குப் பாடம் எடுத்தீங்களே, அது யாருங்க? உங்க அண்ணனா?"

 அன்பரசன் நேற்றைய தாளைக் கிழித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலிக்கு அடியில் வெள்ளையாக ஒரு வால் இரண்டு முறை ஆடியது.

அந்த வாலுக்குச் சொந்தக்காரிதான் பொரி. பாதி பொமரேனியன், மீதிப் பாதி தெரு. மூன்று வருடத்துக்கு முன்னால், தீபத்துக்கு மறுநாள் மழையில், அன்பரசனின் டி.வி.எஸ். வண்டிக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்த குட்டி. மகள் எழிலரசி கார்த்திகைப் பொரியை ஒரு கை அள்ளிப் போட்டாள். தின்றுவிட்டு இன்னொரு கை கேட்டது. பெயரும் அதுவே ஆகிவிட்டது.

இப்போது எழிலரசிக்கு ஏழு மாதம். வேலூரில் கட்டிக்கொடுத்த பெண், தலைப்பிரசவத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தாய்வீட்டுக்கு வருகிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீசிங் உண்டு. வயிற்றில் பிள்ளை வந்த பிறகு இரண்டு தடவை மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். திங்கட்கிழமை மருமகன் இளவரசன் அன்பரசனின் ஆபீசுக்கே போன் செய்து, தயங்கித் தயங்கிச் சொன்னான்: "டாக்டரம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க மாமா. முடி கொட்ற பிராணி எதுவும் வீட்ல இருக்கக் கூடாதாம். நான் சொன்னேன்னு எழில்கிட்ட சொல்லிடாதீங்க. பொரிய அனுப்பறீங்கன்னு தெரிஞ்சா அவ அங்க வரவே மாட்டா."

மகளா, பொரியா என்று கேட்டால் பதிலில் சந்தேகம் ஏது? ஆனால் பதில் தெரிந்துவிட்டதால் வலி குறைந்துவிடுமா என்ன?

சந்திரம்மாள் ரொம்ப சுலபமாக வழி சொன்னாள். "மலை சுத்துற ரோட்ல கொண்டு போய் விட்டுட்டு வாங்கக்கா. பௌர்ணமிக்கு எவ்ளோ ஜனம் வருது! ஆளுக்கொரு பிஸ்கட்டு போட்டாக்கூட ஜாஸ்தி."

உண்ணாமலை மாதம் தவறாமல் மலை சுற்றுகிறவள். அந்த ரோட்டில் கழுத்தில் பெல்ட்டோடு அலையும் நாய்களை அவள் பார்த்திருக்கிறாள். தெருவிலேயே பிறந்த நாய் போகிற ஆட்டோவைத் திரும்பிப் பார்க்காது. பெல்ட் போட்ட நாய், நிற்கிற ஒவ்வொரு ஆட்டோவுக்கும் ஓடிவந்து இறங்குகிற ஆளின் முகத்தைப் பார்க்கும். நம்ம ஆளா, நம்ம ஆளா என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை அவள் ஜோதியம்மாளைத் தேடிப் போனாள். கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். அடி அண்ணாமலைக்கு அந்தப் பக்கம் ஒரு காப்பகம் வைத்து, அடிபட்டதும் விடப்பட்டதுமாக நாற்பது நாய்களைப் பார்த்துக்கொள்கிறாள். வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிட நீளம்.

"கேட்டவங்களுக்கெல்லாம் நாயத் தூக்கிக் குடுத்துட மாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். "சொல்லாம கொள்ளாம அவங்க வீட்டுக்குப் போயி ரெண்டு வாட்டி பாப்பேன். இங்கயே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணினப்புறம்தான் அனுப்புவேன். குட்டி போட வெச்சி வித்துப் பொழைக்கறவன் கைல மாட்டக் கூடாது பாரு. அப்பறம் நீங்க ஒரு தாள் எழுதித் தரணும். அது இன்னா தின்னும், எதுக்குப் பயப்படும், எல்லாம். வாயில்லாத ஜீவன், அது போயி சொல்லிக்க முடியுமா?"

கீழ்பென்னாத்தூரில் ஒரு வீட்டை அவளே பார்த்து வைத்திருந்தாள். இன்று அந்த வீட்டுக்காரர்களும் வருகிறார்கள். ஆபரேஷனும் இன்றுதான்.

அதற்கும் ஒரு கண்டிஷன். "ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒரு பருக்கை குடுக்கக் கூடாது. வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க."

இந்த இடத்தில் உண்ணாமலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

அவள் வீட்டுப் படி இறங்கி யாரும் வெறும் வயிற்றோடு போனதில்லை. கரண்ட் பில் எழுத வருகிற ஆளுக்குக்கூட ஒரு டம்ளர் மோராவது கொடுத்துத்தான் அனுப்புவாள். எழிலரசி புகுந்த வீட்டுக்குக் கிளம்பிய அன்று, கார் ஸ்டார்ட் ஆன பிறகும் ஜன்னல் வழியாக இரண்டு வாய் ஊட்டியவள்.

அப்படிப்பட்டவள், இனி இந்த வீட்டுக்குத் திரும்பி வராத ஒரு ஜீவனை எப்படி அனுப்புவாள்?

விடியற்காலை ஐந்து மணிக்குச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழைய வடித்த சாதத்தில் தயிர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். பொரி நக்கித் தின்றது. ரெண்டு வாய்தானே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். எண்ணிப் பார்த்தால் அது ஒன்பது வாய்.

எட்டே முக்காலுக்கு ஆட்டோ வந்தது. அன்பரசன் அரை நாள் லீவு போட்டிருந்தார். கையில் டேக் கட்டிய ஒரு ஆபீஸ் ஃபைல்.

"லீவு போட்டுட்டு ஃபைல் எதுக்கு?"

"இருக்கட்டும்."

பொரியின் சாமான்களைப் பையில் போட்டிருந்தாள் உண்ணாமலை. சோற்றுத் தட்டு, தண்ணீர்க் கிண்ணம், எழிலரசியின் பழைய பாவாடையில் தைத்த மெத்தை, போதாததற்கு ஒரு சம்படம் நிறைய பொட்டுக்கடலை உருண்டை. நாய் உருண்டை தின்னாது என்று அவளுக்கும் தெரியும். எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டாமா?

பெரியார் சிலையைத் தாண்டியதும் பொரி எழுந்து அன்பரசன் மடியில் போய் உட்கார்ந்தது. "சட்டையெல்லாம் முடி" என்று முணுமுணுத்தார். இறக்கி விடவில்லை.

காப்பகத்தில் ஃபினாயில் வாசனையும், பெரிய அண்டாவில் வெந்துகொண்டிருந்த கோழிக்கால் கஞ்சியின் வாசனையும் கலந்து வந்தன. நாற்பது நாயும் ஒரே குரலில் வரவேற்றன. பொரி அன்பரசனின் அக்குளுக்குள் மூக்கை ஒளித்துக்கொண்டது.

மர பெஞ்சில் கணவன் மனைவி இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

"கும்பிடறேங்க. ராஜேந்திரன். கீழ்பென்னாத்தூர்ல மல்லாட்டை மண்டி வெச்சிருக்கேன், வேர்க்கடலை யாவாரம். இது எங்க வீட்டுல, பச்சையம்மா."

பச்சையம்மாள் ஒல்லியான பெண். நாயைப் பார்த்த பார்வையிலேயே கண் கலங்கிவிட்டது. ஆனால் கிட்டே வரவில்லை, கை நீட்டவும் இல்லை. கொஞ்சம் தள்ளிப் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, பிடிக்கலியா?" என்று உண்ணாமலை கேட்டுவிட்டாள்.

"நான்தான் சொல்லியிருக்கேன்" என்றாள் ஜோதியம்மாள். "கூப்புடக் கூடாது, தொடக் கூடாது. அதுவா வரணும். அது வரலன்னா இந்தச் சம்பந்தம் கேன்சல்."

ராஜேந்திரன் மெல்லிய குரலில் சொன்னார்: "எங்ககிட்டயும் ஒண்ணு இருந்துச்சிங்க. மணின்னு பேரு, இத்தினிக்கூண்டு. மண்டிக்கு மூட்டை எறக்க வந்தவங்க கேட்டத் தொறந்து போட்டுட்டாங்க. பஸ்ஸு ஸ்டாண்டு பக்கம் வேன்ல மாட்டிக்கிச்சி. வருஷம் ஒண்ணரை ஆகுது. அப்பறமா கேட்டுக்கு உள்ள இன்னொரு கேட்டு போட்டுட்டேன். நாய் இல்லாத வீட்டுக்கு ரெண்டு கேட்டு எதுக்குன்னு ஊரே சிரிக்குது."

பொரி அன்பரசன் கையிலிருந்து நழுவி இறங்கியது. பெஞ்சின் காலை மோந்தது. ராஜேந்திரன் செருப்பை மோந்தது. மெதுவாகப் போய்ப் பச்சையம்மாளின் முந்தானை நுனியை மோந்தது. பிறகு சுற்றிச் சுற்றி இரண்டு வட்டம் போட்டு, அவள் முழங்காலை ஒட்டி உட்கார்ந்துகொண்டது.

பச்சையம்மாள் அப்போதும் அசையவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை.

நல்ல இடம் என்று உண்ணாமலைக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்குள்ளேயே சுருக்கென்று ஒரு பொறாமை. மூன்று வருடம் வளர்த்தவளை அரை மணி நேரத்தில் இப்படி மறக்கலாமா இந்தக் கழுதை?

டாக்டர் ராமகிருஷ்ணன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். மேஜைமேல் பொரியை நிறுத்தினார்கள். எடை ஆறு கிலோ. டாக்டர் இளைஞர். ஊசி மருந்தை எடுத்துக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"ராத்திரி எட்டு மணிக்கு அப்புறம் சாப்பிட ஒண்ணும் குடுக்கலயே?"

"இல்லைங்க" என்றார் அன்பரசன் உடனே.

உண்ணாமலையும் தலையாட்டினாள். "இல்ல."

இத்தனை பேர் காத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள். ரெண்டு வாய் தயிர் சாதத்துக்காக எல்லாவற்றையும் குழப்புவதா?

"நல்லது" என்றார் டாக்டர், மருந்தை ஏற்றிக்கொண்டே. "சில பேர் பாசத்துல குடுத்துட்டு மறைச்சிடுவாங்க. மயக்கத்துல வாந்தி வந்து மூச்சுக்குழாய்ல போயிட்டா அப்புறம் எங்களால ஒண்ணும் செய்ய முடியாது."

மூச்சு.

 எழிலரசி பதினோரு வயதில் மூச்சுக்குத் திணறி, உதடு நீலமாகி, உண்ணாமலையின் மடியில் கிடந்த அந்தச் சாயங்காலம் கண் முன்னால் வந்து நின்றது.

டாக்டர் பொரியின் முன்னங்காலைப் பிடித்தார்.

"வேணாம் டாக்டர்! நிறுத்துங்க!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் குடுத்துட்டேன். விடியக்கால அஞ்சு மணிக்கு. தயிர் சாதம்." அவளுக்கு அழுகை முட்டியது. "வெறும் வயித்தோட எப்படிங்க அனுப்பறது? மனசு கேக்கலங்க..."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார்.  அன்பரசன் திட்டப் போகிறார் என்று உண்ணாமலை தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்பரசன் தொண்டையைச் செருமினார்.

"நானும்."

"நீங்க இன்னா?" என்றாள் ஜோதியம்மாள்.

"ரெண்டு பிஸ்கட்டு. அஞ்சே முக்காலுக்கு." கொஞ்சம் நிறுத்தி, "டீயில நனைச்சி" என்று சேர்த்துக்கொண்டார்.

உண்ணாமலை வாயைப் பிளந்தாள். பிராணிகளை வீட்டுக்குள் விடுவது சுகாதாரக் கேடு என்று மூன்று வருடமாகச் சொல்லிவந்த வாய் அவருடையது.

"நல்லாக் கீது போ!" என்று ஜோதியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஆபரேஷனுக்கு அனுப்புங்கன்னா கண்ணாலத்துக்கு அனுப்பற மாதிரி ஆளாளுக்கு ஊட்டி அனுப்பியிருக்கீங்க. படிச்சவங்கதானே? ஒரு நிமிஷம் வாய மூடிட்டு இருந்திருந்தா இந்த உசுரு போயிருக்கும். தெரியுதா?"

தெரிந்தது. இருவருக்கும் தெரிந்தது. அன்பரசனின் கை மேஜை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. 'இல்லைங்க' என்று முதலில் சொன்னது அவர்தான் அல்லவா?

டாக்டர் நல்லவர், கோபித்துக்கொள்ளவில்லை. "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு இந்தப் பக்கமாத்தான் போறேன். இறங்கி முடிச்சிடறேன். ஆனா ராத்திரி இங்கயே இருக்கட்டும். இவங்க வீட்டுக்கு மட்டும் அனுப்பாதீங்க ஜோதியம்மா."

புது இடம். நாற்பது நாய்களின் நடுவில் கூண்டில் ஒரு ராத்திரி. உண்ணாமலை பொரியைப் பார்த்தாள்.

"நான் கூட இருக்கறேங்க" என்றது ஒரு குரல்.

பச்சையம்மாள்தான். அதுவரை அவள் வாயே திறக்கவில்லை.

"நீங்க மண்டியப் பாத்துக்குங்க" என்று கணவரிடம் சொன்னாள். "நான் இங்கயே படுத்துக்கறேன். ஜோதியம்மா எனக்கு ஒரு பாய் தர மாட்டாங்களா? சோறு எனக்கும் வேணாம், அதுக்கும் வேணாம். ரெண்டு பேரும் ராத்திரி பட்டினி இருந்துக்கறோம்."

உண்ணாமலையின் நெஞ்சில் இருந்த அந்தப் பொறாமை சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது. பொட்டுக்கடலை உருண்டைச் சம்படத்தை எடுத்து அவள் கையில் வைத்தாள். "நாளைக்கு ஆபரேஷன் முடிஞ்சதும் நீ தின்னு தாயி."

"தாள் எங்க?" என்று கேட்டாள் ஜோதியம்மாள்.

அன்பரசன் ஃபைலின் டேக்கை அவிழ்த்து இரண்டு தாள்களை எடுத்து நீட்டினார். ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாக இரண்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து எழுதியது இதுதானா என்று உண்ணாமலைக்கு இப்போதுதான் புரிந்தது. அவள் ஏதோ ஆடிட் கேள்விக்குப் பதில் என்று நினைத்திருந்தாள்.

"கண்ணாடி எடுத்துட்டு வரல. நீயே படிப்பா" என்று ஜோதியம்மாள் தாளை ராஜேந்திரனிடம் கொடுத்தாள்.

ராஜேந்திரன் எழுத்துக் கூட்டிப் படித்தார். "பொருள்... செல்லப் பிராணி, பொரி, வயது மூன்று, பழக்க வழக்கங்கள் தெரிவித்தல், தொடர்பாக. பார்வை... தங்களது வாய்மொழி அறிவுறுத்தல், நாள் செவ்வாய்க்கிழமை."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"மேற்படி பொரி காலை ஐந்தே முக்கால் மணிக்குக் கண் விழிக்கும். எவரேனும் பெயர் சொல்லி அழைத்தால் ஒழியக் கட்டிலடியை விட்டு வெளிவராது. பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தால் மட்டுமே உண்ணும். இது கீழே கையொப்பமிட்டுள்ளவரால் ஏற்படுத்தப்பட்ட கெட்ட பழக்கம். வருந்துகிறேன்."

"குடை பிடித்து வருபவர்களைப் பார்த்துக் குரைக்கும். கடிக்காது. ஒரே ஒரு முறை கடித்துள்ளது. விசாரித்ததில் தவறு குடைக்காரருடையது என அறியப்பட்டது."

இப்போது எல்லோருமே சிரித்துவிட்டார்கள். அன்பரசன் மட்டும் விறைப்பாக நின்றார்.

"வெடிச் சத்தத்துக்கு நடுங்கும். தீபத்தன்றும் தீபாவளியன்றும் இடது காதின் பின்புறம் கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்துவிட வேண்டும். வலது காதில் பயன் இல்லை."

போன தீபத்தன்று உண்ணாமலை மலைக்குப் போய்விட்டாள். வீட்டில் இவர் தனியாக இருந்தார். திரும்பி வந்து கேட்டபோது, 'நாயா? எங்கயோ கெடந்துச்சு' என்று சொன்னார்.

ராஜேந்திரனின் குரல் இறங்கியது.

"என் மனைவி மலை சுற்றப் போகும் நாட்களில், அவர் திரும்பும் வரை பொரி கேட் அருகில் காத்திருப்பது வழக்கம். இனிமேல் எவருக்காகவாவது அது அவ்வாறு காத்திருக்க நேர்ந்தால், தனியாக விட்டுவிடாமல் உடன் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டுகிறேன்."

பச்சையம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணு கீது" என்றார் ராஜேந்திரன்.

"தவிர்க்க இயலாத காரணத்தால் மட்டுமே மேற்படி பொரி ஒப்படைக்கப்படுகிறது என்பதையும், அதன் நடத்தையில் எவ்விதக் குறையும் இல்லை என்பதையும், அது கேட்கும் பட்சத்தில், அதனிடம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் உண்மையுள்ள, அன்பரசன்."

ராஜேந்திரன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "கண்டிப்பா சொல்லிடறேங்க" என்றார்.

கிளம்பும்போது பொரி பின்னாலேயே வந்தது. ஜோதியம்மாள் கம்பிக் கதவைச் சாத்தினாள். அன்பரசன் குனிந்து, கம்பிக்குள் கை விட்டு, இடது காதின் பின்புறம் தேய்த்தார். எங்கேயும் வெடி வெடிக்கவில்லை. 

 ஆட்டோவில் உண்ணாமலை மனசுக்குள் வேலைகளை அடுக்கிக்கொண்டு வந்தாள். இன்று சாயங்காலம் திரைச்சீலை, படுக்கை விரிப்பு எல்லாம் வெந்நீரில் ஊறப் போட வேண்டும். நாளைக்கு முழுக்க ஒட்டடை அடித்து, தரையை இரண்டு தடவை துடைக்க வேண்டும். சோபா சந்திலிருந்து கட்டிலடி வரைக்கும் வீடு முழுக்க வெள்ளை முடி. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு முடி இருக்கக் கூடாது.

ஆட்டோ தெருவுக்குள் திரும்பியது.

வீட்டு வாசல் படியில், ஒரு பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிறைவயிற்றைக் கையால் தாங்கியபடி எழிலரசி உட்கார்ந்திருந்தாள். தனியாக.

"இன்னைக்கேவா? மாப்ள எங்க?" உண்ணாமலை ஆட்டோ நிற்கும் முன்பே இறங்கினாள்.

"பொரி எங்க?" என்றாள் எழிலரசி.

"ஏண்டி, தனியாவா பஸ்ஸுல வந்தே?"

"பொரி எங்கன்னு கேட்டேன். நேத்து சாயந்தரம் அவரு வாய் தவறிச் சொல்லிட்டாரு. நாலு நாளா எல்லாருமா சேந்து என்கிட்ட மறைச்சிருக்கீங்க. அதான் காலைல கெடச்ச பஸ்ஸுக்குக் கிளம்பிட்டேன். அவருகிட்டகூட சொல்லல." பேசப் பேச அவளுக்கு மூச்சு வாங்கியது. "சாவிய குடும்மா. உள்ள இருக்கா அது? பொரி! பொரி!"

கதவுப் பக்கம் திரும்பி அவள் எழுந்தாள். உண்ணாமலை ஓடிப்போய்க் கதவின் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"உள்ள போவாத!"

தலைப்பிரசவத்துக்கு வந்த மகள், தாய்வீட்டு வாசலில் நின்று அம்மாவைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "என்னை உள்ள வர வேணாம்னு சொல்றியாம்மா?"

உண்ணாமலை விரித்த கையை இறக்கவில்லை. மகளின் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற மெல்லிய விசில் சத்தம் அவள் காதில் விழுந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் வீடு முழுக்க வெள்ளை முடி.

எழிலரசி அப்பாவிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கப்பா. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. எங்க விட்டீங்க? அது இன்னா தப்பு பண்ணிச்சி, அத ஏன் அனுப்பினீங்க?"

அது கேட்கும் பட்சத்தில் என்று எழுதியிருந்தார். அதற்குப் பதிலாகக் கேட்பவள் இப்போது எதிரே நின்றாள். எழுதி வைத்த பதிலில் ஒரு வார்த்தைகூட அன்பரசன் வாயில் வரவில்லை. நாளை காலை ஏழு மணி வரைக்கும் அந்த நாய் எட்டு கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது என்று சொன்னால், இவள் இந்த ஆட்டோவிலேயே ஏறிவிடுவாள் என்பது மட்டும் தெரிந்தது.

பூட்டிய வீட்டுக்குள் டெலிபோன் அடித்தது. வேலூராகத்தான் இருக்கும். யாரும் போய் எடுக்கவில்லை.

அன்பரசன் மகளின் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். "சாப்டியாம்மா?" என்றார்.

எழிலரசி இல்லை என்று தலையாட்டிவிட்டு, படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.